அயல் மீன் இல்லாத குளம்

ஒரு மீனை ஒழிப்பதென்றால் முதலில் பந்தல் போட வேண்டும். பந்தல் போட இடம் வேண்டும். கார்கள் வந்து திரும்ப வழி வேண்டும். மேடையில் இருக்கும் பெரியவர்களின் முகத்தில் வெயில் அடிக்காமல் பக்கத்தில் ஒரு மரம் வேண்டும். இவையெல்லாம் அமைந்த பிறகுதான் தண்ணீர். தண்ணீருக்குப் பிறகுதான் மீன். இந்த வரிசை தெரியாததால்தான் நாறும்பூநாதன் அன்று அப்படி விழித்தார்.

நாறும்பூநாதன் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில் அவருக்குப் பென்ஷனைக் கொடுத்துவிட்டுக் காதை வாங்கிக்கொண்டது. மனைவி சொர்ணாம்பாள் சொல்வதில் பாதிதான் அவருக்குக் கேட்கும். தேவையான பாதி கேட்பதில்லை என்பது அவள் கட்சி. டிவியில் செய்தி வாசிப்பவர்கள் அவருக்கு வாயை மட்டும் அசைத்தார்கள். ஆனால் தவளைச் சத்தம் முழுசாகக் கேட்டது. கீச்சுச் சத்தங்கள் போய்விட்டன, அடித்தொண்டைச் சத்தம் இன்னும் உள்ளே போகிறது என்று டாக்டர் விளக்கம் சொன்னார்.

பத்தமடைக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி, குட்டையோடு சேர்ந்த அந்தத் துண்டு நிலத்தை அவர் வாங்கியதே இதற்காகத்தான். ஐப்பசி மழை விழுந்ததும் குட்டைத் தவளைகள் ஒருசேரக் கத்தத் தொடங்கும். அவர் வாசலில் நாற்காலியைப் போட்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வருடம் பூராவும் ஊமைப் படம் பார்த்த மனிதருக்கு அது ஒன்றுதான் பேசும் படம். அப்போது அவர் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்தால் சொர்ணாம்பாளுக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

அந்தக் குட்டையைத் தேடி ஒரு நாள் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். அயல் நீருயிரிகள் கட்டுப்பாட்டு முகமை என்று ஜீப்பில் எழுதியிருந்தது. முன்னால் இறங்கியவர் இணை இயக்குநர் முனைவர் கோபாலசுப்பிரமணியன். பின்னால் இறங்கியவர் களப்பணியாளர் கிளமென்ட். கடற்கரைக்காரர், கடலில் மீன் பிடிக்கிற குடும்பம். அதனாலேயே அவரைக் குளத்துப் பிரிவில் போட்டிருந்தார்கள்.

"இதுல கம்பூசியா இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டார் இணை இயக்குநர்.

"அது யாரு சார்?" என்றார் நாறும்பூநாதன்.

"கொசு மீனு, அண்ணாச்சி," என்று அவர் காதருகே வந்து விளக்கினார் கிளமென்ட். "கொசுப்புழுவத் திங்கும்னு கிணத்துல எல்லாம் கொண்டாந்து போடுதாவல்லா, விரல் நீளம்கூட இருக்காதே, சாம்பல் நெறமா. அதுதான்."

"அது இங்கன கெடையாது. இங்கன முண்டக்கண்ணிதான் கெடக்கு. நெத்தியில வெள்ளைப் பொட்டு வச்சிருக்கும். கொசுப்புழுவ அதுவே தின்னுரும்."

இணை இயக்குநர் இதைக் கேட்கவில்லை. குட்டைக்கரையில் நின்ற மருத மரத்தை அண்ணாந்து பார்த்து, அதன் நிழல் எதுவரை விழுகிறது என்று நடந்து பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எக்ஸலண்ட். இங்கேயே வச்சுக்கலாம்."

"என்னத்த சார்?"

"ஒழிப்பை."

"மீனு இல்லையே சார்!"

"மிஸ்டர் நாறும்பூநாதன், கிழக்கே இருக்கிற குளத்துல எல்லாம் அந்த மீன்தான். ஆனா அங்கே கார் போகாது. மீன் இல்லைங்கிறது நிர்வாகச் சிக்கல், அதை நாங்க தீர்த்துடுவோம். ரோடு இல்லைங்கிறது இயற்கைச் சிக்கல். அதை யாரால என்ன செய்ய முடியும்?"

நிர்வாகச் சிக்கலைத் தீர்க்கும் வேலை கிளமென்டின் தலையில் விழுந்தது. அவர் கொசு ஒழிப்பு அலுவலகம் ஒன்றுக்குப் போனார். அங்கே தொட்டி தொட்டியாகக் கொசு மீனை வளர்த்து, யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று காத்திருந்தார்கள். மீன் வேண்டும் என்று ஒரு துறை தானாகவே கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை என்பதால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. ஒழிப்பதற்கு என்று கிளமென்டும் சொல்லவில்லை. இரண்டு துறையும் கைகுலுக்கிப் பிரிந்தன.

புரட்டாசி மாதம், விழாவுக்கு முந்தின நாள் காலையில், பெரிய பாலிதீன் பைகளில் மீனோடு கிளமென்ட் குட்டைக்கு வந்தார். சொர்ணாம்பாள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, இது நல்ல மீனா, கெட்ட மீனா?"

"கெட்ட மீனு, மதினி."

"பொறவு எதுக்கு உள்ள விடுதிய?"

"நாளைக்குப் பிடிக்கதுக்கு."

"அந்தப் பையோடயே கொன்னுட்டா ஒழிஞ்சிருமே?"

கிளமென்ட் பையைத் தரையில் வைத்தார். அந்தக் கேள்வி அவருக்கும் வழியில் வந்திருந்தது. "பையில கொன்னா அது வெறும் கொலை, மதினி. கொளத்துல பிடிச்சாத்தான் திட்டம். எனக்கு மேல இருக்கவங்க சொல்லுதாவ, நான் செய்யுதேன்."

நாறும்பூநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏ கிளமென்ட்டு, இது தவளைக் குஞ்சயெல்லாம் திங்குமாம்லா? நாளைக்கு ஒண்ணுகூட விடாமப் பிடிச்சிருவியல்லா?"

"பிடிச்சிருவோம் அண்ணாச்சி," என்றார் கிளமென்ட், எந்தப் பக்கமும் பார்க்காமல்.

பைகள் கவிழ்ந்தன. மீன்கள் ஒரு நிமிடம் கூட்டமாக நின்று, முன்பே இடம் பிடித்து வைத்திருந்தது போலத் தாமரை இலைகளுக்கு அடியில் நுழைந்தன.

மறுநாள் விழா அமர்க்களமாக நடந்தது. முகமையின் தலைவர் விஜயஸ்ரீ சென்னையிலிருந்து வந்திருந்தார். அவருக்கு ஒரு பத்தமடைப் பட்டுப்பாய், இணை இயக்குநருக்கு ஒரு பட்டுப்பாய், பயனாளி என்ற முறையில் நாறும்பூநாதனுக்கு ஒரு கோரைப்பாய். படம் எடுத்து முடிந்ததும் பயனாளியின் பாயை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஊர்ப் பயனாளிக்கு அது வேண்டியிருந்தது. பிறகு இணை இயக்குநர் மைக்கைப் பிடித்தார். அந்த மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது. அதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை.

"அன்பார்ந்த பெரியோர்களே, இது பெரிய மீன் அல்ல. ஆனால் எங்கே தூக்கிப் போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். சாக்கடையானாலும் சரி, உப்புத் தண்ணீரானாலும் சரி. காற்றே இல்லாத தண்ணீரிலும் வாயை மேல்மட்டத்தில் வைத்துக்கொண்டு, மேலேயே பார்த்துக்கொண்டு காலத்தைத் தள்ளிவிடும். இதை ஒரே ஒரு வேலைக்காகத்தான் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். அந்த வேலையை அது பெயருக்குத்தான் செய்யும். மற்ற நேரமெல்லாம் கண்ணில் பட்டதைத் தின்னும். தனக்குக் கீழே இருக்கிற சின்ன உயிர் எதையும் தலையெடுக்க விடாது. சொந்தக் குட்டியைக்கூடத் தின்றுவிடும்! ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் யாராலும் அதை வெளியே அனுப்ப முடியாது. நான் இந்த மாவட்டத்தில் மாற்றலாகிப் போகாத இடமில்லை. எங்கே போனாலும் எனக்கு முன்னால் அது அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது."

மேடையில் இருந்தவர்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். சிலர் பெருமூச்சும் விட்டார்கள். இணை இயக்குநர் உற்சாகமாகத் தொடர்ந்தார்.

"இது முட்டை போடாது, குட்டி போடும். ஆண் மீனை ஒரு தடவை சேர்ந்தால் போதும். அந்த விந்தைப் பெண் மீன் தன் உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் குட்டி போடும். ஆகவே ஒரே ஒரு பெண் மீன் தப்பினாலும் அந்தக் குளம் அவ்வளவுதான்!"

கைதட்டல் எழுந்தது. சொர்ணாம்பாள் மட்டும் கைதட்டவில்லை. கணவரின் காதில், "ஒண்ணே ஒண்ணு தப்புனாலும் போச்சாம்," என்று கத்தினாள். நாறும்பூநாதன் எழுந்து குட்டையை எட்டிப் பார்த்தார். உட்காரும்படி யாரோ சைகை காட்டினார்கள்.

அடுத்து வலை வந்தது. மீன் வலை ஒன்று வேண்டும் என்று மேலிடம் சொல்ல, கிளமென்ட் வீட்டிலிருந்தே ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கடலில் சாளை பிடிக்கிற வலை. அதன் கண்ணில் விரல் தாராளமாக நுழையும். கொசு மீன் குடும்பத்தோடு நுழையும். ஆனால் ரிப்பன் கட்டியிருந்ததால் பார்வைக்கு மிக நன்றாக இருந்தது. தலைவர் ரிப்பனை வெட்டி, நாலு பேர் பின்னால் பிடித்துக்கொள்ள வலையை வீசினார். வலை ஒரு தாமரை இலையையும், அதன் தண்டுப் பாசியில் சிக்கிய ஒரே ஒரு மீனையும் இழுத்து வந்தது. அதன் நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்தது.

"சார், அது நம்ம மீனு! முண்டக்கண்ணி!" என்று கத்தினார் நாறும்பூநாதன்.

இணை இயக்குநர் மீனைக் கண்ணாடித் தட்டில் போட்டு ஒரு கணம் பார்த்தார். பின்வாங்க முடியாத கட்டம் அது. கேமராக்கள் சுற்றி நின்றன.

"பொட்டு வச்சிருக்கு," என்று தலைவரிடம் சொன்னார். "இந்த இனம் இப்பல்லாம் உள்ளூர் மீன் மாதிரியே வேஷம் போட ஆரம்பிச்சுடுத்து மேடம்."

"இத்தனை சின்ன மீனுக்கு இவ்வளவு பெரிய திட்டம் போட நம்மாலதான் முடியும்," என்றார் தலைவர், உண்மையிலேயே நெகிழ்ந்து போய்.

திரை விலகியது. ஆளுயரத் தகரப் பலகை. அதில் எழுதியிருந்தது: அயல் மீன் இல்லாத குளம். மாவட்டத்திலேயே முதலாவது. அதற்குக் கீழே மேடையில் இருந்தவர்கள் எல்லாருடைய பெயர்களும் பதவிகளும். பலகையை முந்தின வாரமே எழுதி வாங்கிவிட்டதால் அறிவிப்பில் எந்தத் தாமதமும் ஏற்படவில்லை. காலையில் குட்டையாக இருந்தது மத்தியானம் குளமாகிவிட்டதையும் நாம் குறிப்பிட வேண்டும்.

ஐப்பசியில் தவளைகள் வழக்கம்போலக் கத்தி, முட்டையிட்டன. நாறும்பூநாதன் நிம்மதியானார். ஆனால் கார்த்திகையில் கரையில் குனிந்து பார்த்தபோது தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை. தண்ணீர் முழுக்க மிளகைத் தூவியதுபோல் கொசு மீன் குட்டிகள். அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, நெல்லை வண்ணார்பேட்டையில் இருந்த முகமை அலுவலகத்துக்குப் போனார்.

"உங்க குளத்துல அந்த மீன் இருக்க முடியாதே," என்றார் இணை இயக்குநர். கோபமாக அல்ல, ஆறுதல் சொல்லும் குரலில்.

"கண்ணால பாத்தேன் சார்."

"பலகை இருக்கோ இல்லியோ?"

"பலகை இருக்கு சார். மீனும் இருக்கு."

"ரெண்டும் சேர்ந்து இருக்க முடியாது. பலகையை எடுக்கணும்னா அதுல இருக்கிற பேர்கள் எல்லாருடைய ஒப்புதலும் வேணும். மீன் இருக்குன்னு நீங்க சொன்னா, நாங்க ஒழிச்சதுக்கு அப்புறம் யாரோ விட்டிருக்கணும். நிலம் யாருது? உங்களுது. யோசிச்சுச் சொல்லுங்கோ, நீங்க மீனைப் பார்த்தீங்களா?"

நாறும்பூநாதன் யோசித்தார். பாதிதான் கேட்டது, ஆனால் இந்த முறை தேவையான பாதி கேட்டுவிட்டது. "சரியாத் தெரியல சார்," என்றார்.

கிளமென்ட் படிக்கட்டு வரை கூடவே வந்தார். "அண்ணாச்சி, மனசு கேக்காமச் சொல்லுதேன். கோடையில வாய்க்கால அடைப்பாவல்லா? குட்டை வத்தி வெடிக்கட்டும். எம்புட்டு கெட்டிக்கார மீனா இருந்தாலும் காஞ்ச தரையில என்ன செய்யும்? ஒரு விழாவும் வேண்டாம். சூரியன் பாத்துக்கிடும்."

அவ்வளவு எளிய வழி ஒன்று இருப்பதைக் கேட்டு நாறும்பூநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பி, கோடைக்காகக் காத்திருந்தார். நெல்லைச் சீமையில் வெயிலுக்காகக் காத்திருந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். சித்திரையில் வாய்க்கால் நின்றது. குட்டை சுருங்கித் தாம்பாளம் அளவுக்கு வந்தது. கொக்குகள் வந்து இறங்கின. வைகாசி வெயில் ஒரு வாரம் அடித்தால் போதும். தினமும் கரையில் நின்று, ஆகாயத்தில் மேகம் இருக்கிறதா என்று பயந்து பயந்து பார்த்தார்.

மேகம் வரவில்லை. டேங்கர் லாரி வந்தது.

சுற்றுச்சூழல் தினத்துக்குத் தலைவர் மறுபடியும் வருகிறாராம். அயல் மீன் இல்லாத குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் அதைக் குளம் என்று எப்படிச் சொல்வது? நாறும்பூநாதன் லாரிக்கு முன்னால் போய் நின்றார். ஏழெட்டு நாள் பொறுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பயனாளி உணர்ச்சிவசப்பட்டு நன்றி சொல்வதாக நினைத்து அதையும் படம் எடுத்தார்கள். லாரி கிழக்கே கார் போகாத அந்தப் பெரிய குளத்தில் நிரப்பி வந்திருந்தது. லாரி எப்படியோ போயிருக்கிறது. குழாய் வாயிலிருந்து தண்ணீரோடு புதிய கொசு மீன்கள் குதித்து வந்து, பழைய மீன்களோடு சேர்ந்துகொண்டன.

அந்த விழாவில் இன்னும் பெரிய பலகை வைத்தார்கள். நடுவில் இரண்டு பேருக்குப் பதவி உயர்வு வந்திருந்ததால் பழையதில் இடம் போதவில்லை. கழற்றிப் போட்ட பழைய பலகையைச் சொர்ணாம்பாள் வீட்டுக்குப் பின்னால் இழுத்துப் போய் துணி துவைக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டிக்கு மூடியாகப் போட்டாள். அளவு எடுத்துச் செய்ததுபோல் இருந்தது, ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் இடைவெளி. அந்தத் தொட்டியில் கொசு வரக்கூடாதென்று எப்போதோ அவள் குட்டையிலிருந்து முண்டக்கண்ணிகளைக் கோரிப் போட்டிருந்தாள். அவை எந்தத் திட்டத்திலும் சேராமல் உள்ளே நன்றாகவே இருந்தன.

மறு ஐப்பசி. சாயங்காலம் பிடித்த மழை கொட்டித் தீர்த்தது. நாறும்பூநாதன் நாற்காலியை வாசலில் போட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். குட்டை நிறைந்து கிடந்தது. மழைத்துளி விழுந்து தண்ணீர் குதிப்பது தெரிந்தது. சத்தம் இல்லை. காதைக் குடைந்துகொண்டு மறுபடி கவனித்தார். ஒன்றுமில்லை.

"ஏளா, சொர்ணம்," என்றார். "மிச்ச காதும் போயிட்டு."

சொர்ணாம்பாள் பக்கத்தில் வந்து நின்று சிறிது நேரம் கேட்டாள். பிறகு அவர் தலைத்துண்டை விலக்கி, குனிந்து சொன்னாள்: "காது போவல. தவளைதான் போயிட்டு."

அவர் அழுதார். மில்லில் காது போனபோதுகூட அழாதவர். சொர்ணாம்பாள் அந்த மீனைக் கொண்டுவந்தவன், விட்டவன், வலை வீசியவன், தண்ணீர் ஊற்றியவன் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி வைதாள். வைதுகொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இந்தா, எந்திரிங்க. பையப் பைய வாங்க."

கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனாள். தகரப் பலகையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் பலகைக்கு அடியிலிருந்து அடித்தொண்டையில் ஒரு குரல் வந்தது. சிறிது இடைவெளி விட்டு இன்னொன்று. குட்டையில் இடம் சரியில்லையென்று கண்ட ஒன்றிரண்டு தவளைகள் மூலை இடைவெளி வழியாக உள்ளே போய்க் குடித்தனம் வைத்திருந்தன. நாறும்பூநாதன் நனைந்துகொண்டே பலகை மேல் கையை வைத்தார். தகரம் அதிர்ந்தது. அயல் மீன் இல்லாத குளம் என்ற எழுத்து அவர் கைக்கு அடியில் இருந்தது. எழுதிய நாளிலிருந்து அது உண்மையாக இருந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்த வாரமே மூன்றாவது பந்தல் போட்டார்கள். இந்த முறை திட்டத்தின் இரண்டாம் கட்டம். தலைவர் வந்தார், பாய்கள் வந்தன, மைக் வந்தது. கிளமென்ட் மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றார். நாறும்பூநாதனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

"தூய்மையான இந்தக் குளத்தில் ஏனோ தவளையும் இல்லை, உள்ளூர் மீனும் இல்லை," என்று தொடங்கினார் இணை இயக்குநர். "தூய்மையே அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஆராய்ந்து வருகிறோம். ஆகவே அவற்றை மீள்குடியேற்றப் போகிறோம். இந்த வட்டாரத்தில் எந்தக் கிணற்றில், எந்தத் தொட்டியில் ஒரே ஒரு நாட்டுத் தவளை இருந்தாலும், ஒரே ஒரு முண்டக்கண்ணி இருந்தாலும், தேடிப் பிடித்துக் கொண்டுவந்து தலைவர் அவர்களின் பொற்கரங்களால் இந்தக் குளத்தில் விடுவோம்!"

சொர்ணாம்பாள் இதைக் கணவர் காதில் கத்த வேண்டியிருக்கவில்லை. ஒலிபெருக்கி அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது.

அப்போது பார்த்து வானம் இருட்டி, நாலு தூறல் விழுந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்து, தகரத்தில் மோதி இன்னும் பெரிதாகி, அந்தக் குரல் வந்தது.

பந்தல் முழுவதும் திரும்பியது. தலைவர் எழுந்தே விட்டார். "தவளைதானே அது?"

"மிஸ்டர் நாறும்பூநாதன்! உங்க வீட்டுப் பின்னாடி தவளை கத்தறதே?" என்றார் இணை இயக்குநர்.

நாறும்பூநாதன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். "என்னது சார்?"

"தவளை! தவளைச் சத்தம்!"

"எனக்குக் காது கேக்காது சார். மில்லுல போயிட்டு."

மறுபடியும் கத்தியது, கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகவே. நாறும்பூநாதன் தலையைத் திருப்பவில்லை. கண்கள் மட்டும் கிளமென்டைத் தேடிப் போயின. கிளமென்ட் தரையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், பிறகு இரண்டடி முன்னால் வந்தார்.

"தவளை இல்ல சார், மைக்கு கரகரக்கு. ஈரம் எறங்கிட்டு. கரெண்டு அடிச்சாலும் அடிச்சிரும்."

இணை இயக்குநர் பாம்பைத் தொட்டவர்போல் மைக்கை விட்டார். கிளமென்ட் சுவிட்சை அணைத்தார். பேச்சை நிறுத்துவது மரபல்ல என்பதால் இணை இயக்குநர் மைக் இல்லாமலேயே தொடர்ந்தார். பந்தலின் தகரக் கூரையில் தூறல் பலத்தது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை, நடுவரிசைக்குக் கேட்கவில்லை. நாறும்பூநாதனுக்கு அவருடைய வாய் மேல்நோக்கித் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார். வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. இடம் பார்த்து இரண்டு தடவை கைகூடத் தட்டினார்.